கழுவிக்கொண்டு வந்த காது

முகங்கள் எனக்கு மறந்துவிடுகின்றன. காதுகள் மறப்பதில்லை.

கடைகளை, என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளே, உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கும் இந்நாள்களில், மதியம் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் கடையின் செவிச் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். வெளியில் நின்று, ‘பெரியவரு தூங்கறாரு’ என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பாதி உண்மைதான். அந்த அறைக்குள் மோனோரயில் சத்தம் வராது. சேலைக்கடைப் பாட்டு வராது. என் மூச்சு மட்டும் எங்கோ தூரத்துக் கடலோரத்தில் கேட்கும். கண் சொக்கும் நேரத்தில் காதுகள் வரும். தோட்டின் கனத்தில் தொங்கிப்போன காது, முடி அடர்ந்த காது, மல்யுத்தக்காரனுடையதைப்போல் மடங்கிய காது. விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் நடந்து போகிறேன். ஈரச் சுவர், கொஞ்சம் வளைவு, வளைவைத் தாண்டினால் சிப்பியின் உட்புறம்போல் மங்கி மின்னும் செவிப்பறை. அங்கே போய் நின்றால் திரும்பி வர மனம் வராது.

என் பெருமையை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிள்ளானில் ஒரு காது டாக்டரின் கிளினிக்கில் தரை துடைக்கப் போனேன். துடைத்தது தரை, பார்த்தது அத்தனையும். இன்று கிள்ளானில் ஒன்று, சுங்கை வேயில் ஒன்று, இங்கே ஒன்று என்று காது கேட்கும் கருவிக் கடை மூன்று. மூன்றும் நான் உண்டாக்கியவை. காதுக்குள் பசை விட்டு நான் எடுத்த அச்சு ஒன்றாவது தொளதொளவென்று திரும்பி வந்தது என்று யாராவது சொல்லட்டும், அன்றைக்கு நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். உங்களில் பலர் இதற்கென்றே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். அந்தப் படிப்பு வேண்டும். அது எனக்கு வாய்த்திருந்தால் முப்பது கடை வைத்திருப்பேன்.

இன்று சொல்ல வந்தது ஒழுகும் காதைப் பற்றி.

கருவி பொருத்த வருகிறவரின் காது ஒழுகினால் அச்சு எடுக்கக்கூடாது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். சரிதான். ஆனால் ஒழுகும் காது ஒழுகிக்கொண்டே உங்கள் கடைக்கு வராது. நம்மவர்களைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். விருந்தாளி வரும் முன் வீட்டைப் பெருக்குகிறவர்கள் நாம். காதைக் காட்டப் போகிற அன்று காலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சி, ஒரு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, இளஞ்சூட்டில் காதுக்குள் ஊற்றி, கிடைத்ததையெல்லாம் விட்டுக் குடைந்து, துடைத்து, வாசனை தடவிக்கொண்டுதான் வருவார்கள். அழுக்குக் காதை அடுத்தவரிடம் காட்டுவது அவமரியாதை என்று நினைப்பு. வெட்கமும் உண்டு. சீழ் வருகிறது என்றால் சுத்தமில்லாத குடும்பம் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஆக, எதைப் பார்த்து நாம் முடிவு செய்ய வேண்டுமோ அதைத் துடைத்து எறிந்துவிட்டு நம் முன்னால் வந்து உட்காருவார்கள்.

அதனால் நான் காதிடம் கேட்பதில்லை. தலையணை உறையிடம் கேட்பேன்.

காதுக்காரர் பொய் சொல்வார். உறையைத் தோய்க்கிறவர் சொல்ல மாட்டார். கறை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பிள்ளை ஒருநாள் முழுக்க வலியில் கத்தி, திடீரென்று வலி நின்று, உறையில் கெட்டியாகச் சளி மாதிரி இருந்தது என்றால், உள்ளே கட்டிய சீழ் பறையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு சளிக்கும் நிறைய நிறைய, வாடையில்லாமல், நூலாக இழுபடும் ஒழுக்கு வந்தால், பறையில் பழைய ஓட்டை இருக்கலாம். நீச்சல் குளத்துக்குப் போய்வந்த பையன், மடலைத் தொட்டாலே துள்ளுகிறான், தண்ணீராகக் கொஞ்சம் கசிகிறது என்றால் அது பெரும்பாலும் வெளிக்குழாயின் புண். அரிப்பு தாங்கவில்லை, நனைந்த காகிதத்தில் கரும்புள்ளி தெளித்த மாதிரி வருகிறது என்றால் பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் எண்ணெய்க்கும் அது நன்றாக வளரும். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி உள்ள பெரியவர் ஒருவர், காது வலியில் தூங்கவே முடியவில்லை, ஒழுகவும் செய்கிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரின் காதிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்தால் பஞ்சுகூட வைக்காதீர்கள். அது காதுத் தண்ணீர் இல்லை, மூளையைச் சுற்றியிருக்கிற தண்ணீராக இருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இவை எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் கூப்பாடு போடும். கூப்பாடு போடாத ஒன்று உண்டு. அதைத்தான் ஏட்ரியனிடம் பார்த்தேன்.

ஏட்ரியன் கிள்ளானை அடுத்த பண்டமாரான் ஊர்க்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துவது தொழில். கிள்ளான் பக்கம் யார் வீட்டுத் திருமண டின்னர் என்றாலும் மேடையில் அவர்தான். கோட்டும், முகம் நிறைந்த சிரிப்பும், மாப்பிள்ளையைக் கிண்டல் செய்கிற வாயும். நானே கடை பார்த்துக்கொண்டிருந்த நாளில், ஒரு மதியம் மனைவி புஷ்பாவோடு இந்தக் கடைக்கு வந்தார். அத்தர் வாசனை அவருக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு வந்தது.

“அங்கிள், சனிக்கிழமை பெரிய டின்னர். ஹால் ஃபுல். ஏற்பாட்டாளரு பேசுறது கேக்கறதுக்கு ஒரு இயர்பீஸ் போடுவோம்ல, அது காதுல நிக்கவே மாட்டேங்குது. நல்லா ஜோக் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது நழுவி விழுது. என் காதுக்குன்னே அச்சு எடுத்துச் செஞ்சு குடுங்க. இந்த வேலைக்கு நீங்கதான் கிங்குன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும் சொல்றது சரிதான். உட்காருங்க தம்பி.”

விளக்கை வைத்துப் பார்த்தேன். புது வீட்டுக் கூடம்போல் இருந்தது வலது காது. ஒரு துளி மெழுகு இல்லை, ஒரு முடியில் பிசுக்கு இல்லை.

“காலையிலேயே எண்ணெய் விட்டு, காட்டன் பட் போட்டு, ஹேர் ட்ரையர்ல காய வச்சிட்டுத்தான் வரேன் அங்கிள். பெரியவங்ககிட்ட வரோம், ஒரு மரியாதை வேணாமா?”

வழக்கமாக அந்த வளைவைத் தாண்டும்போது எனக்கு வரும் மயக்கம் அன்றும் வந்தது. பறை மங்கலாகத் தெரிந்தது. அதன் மேல் மூலையில், கூரையை ஒட்டி, பழுப்பாக ஒரு சின்னப் பொருக்கு. யார் பார்த்தாலும் காய்ந்த மெழுகு என்பார்கள். சுரண்டினால் வந்துவிடும் போலத்தான் இருந்தது. என் கை அசையவில்லை. நான் தரை துடைத்த கிளினிக்கின் டாக்டரம்மா, கோபக்காரி, ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் தன் கருவி வழியே பார்க்கச் சொன்னார். “மெழுகு வாசல் பக்கம்தான் ஊறும். உள்ள, கூரையில அது எப்படி ஊறும்? அங்க மெழுகு மாதிரி ஒண்ணு உட்கார்ந்திருந்தா, அது மெழுகு இல்ல. பின்னால ஏதோ ஒளிஞ்சிருக்கு” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்த மூன்று கடையும் நிற்கின்றன.

“காது ஒழுகுமா தம்பி?”

“சேச்சே. சின்ன வயசுல ஒழுகிச்சு. இப்ப ஒண்ணும் இல்ல லா.”

நான் புஷ்பாவின் பக்கம் திரும்பினேன். “அம்மா, வீட்டுல தலையணை உறை எப்பப்ப மாத்துவீங்க?”

“வாரத்துக்கு ஒரு தடவை அங்கிள்.” கொஞ்சம் யோசித்தார். “இவரோடது மட்டும் தினம் காலையில.”

“ஏய், அத எதுக்கு இங்க சொல்ற?”

“கேக்கறாரு, சொல்றேன். இத்தனை வருஷமா ஊற வச்சுத் தோய்க்கிறது நானு. சொல்லக்கூடாதா? கொஞ்சூண்டுதான் அங்கிள், இருபது சென் காசு அளவு. ஆனா நாத்தம் இருக்கே, எலி செத்த மாதிரி. ரூம்ல சாம்பிராணி போட்டாத்தான் அந்த நாத்தத்தத் தாஹான் பண்ணித் தூங்க முடியும்.”

“வலிக்குமா?”

“வலியே இல்ல அங்கிள்,” என்றார் ஏட்ரியன். “அதான் சொல்றேன்ல, ஒண்ணும் இல்லன்னு.”

பிள்ளைகளே, இதைத்தான் நான் கூப்பாடு போடாத காது என்கிறேன். கொஞ்சமாக, நாற்றமாக, வலியே இல்லாமல், வருஷக்கணக்கில். நிறைய ஒழுகும் காதைவிட இருபது சென் அளவு ஒழுகும் இந்தக் காதுக்குத்தான் நான் பயப்படுவேன். காதுத் துளையின் முன்னால் இருக்கும் சின்ன மடிப்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். ஏட்ரியன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அங்கிள், ரூம் சுத்துது.”

விரலை எடுத்துவிட்டேன். அழுத்தினால் தலை சுற்றுகிறதென்றால் உள்ளே எலும்பு எங்கோ அரிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குள் புஷ்பா, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னார்.

“அங்கிள், இதுவும் அதோட சேர்த்தியான்னு தெரியல. கொஞ்ச நாளா இவரு ஒரு கண்ணு மூடாமலே தூங்கறாரு. பாதி திறந்து இருக்கும். வெள்ளையாத் தெரியும். ஏதோ கனவு காணறாருன்னு நெனச்சேன்.”

“ஏர்கான் காத்து அடிச்சிருக்கும்,” என்றார் ஏட்ரியன். எழுந்தே விட்டார். “அங்கிள், அச்ச எடுங்க. டின்னர் முடியட்டும், டாக்டரப் போய்ப் பாக்கறேன், சத்தியமா. முடியாதுன்னா சொல்லுங்க, அடுத்த ரோட்டுக் கடையில போட்டுக்கறேன்.”

அடுத்த ரோட்டில் போடுவார்கள். பளபளவென்று கழுவிய காதைப் பார்த்து, பசையை உள்ளே விட்டு, இறுகியபின் இழுப்பார்கள். பொருக்கும் சேர்ந்து வரும். அதன் பின்னால் என்ன வரும் என்று தெரியாது. டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால் கோட்டுப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போய்விடுவார். பயமுறுத்தினால் சிரிப்பார். பயத்தைச் சிரிப்பாக மாற்றித்தான் அவர் சோறு சாப்பிடுகிறார். கையில் கார்ச் சாவியை எடுத்துவிட்டார்.

“சரி தம்பி, எடுத்துடலாம். முன்னால ஒரே ஒரு சோதனை. உள்ள வந்து உட்காருங்க.”

சோதனை அறையில் அவரை உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, நானும் உள்ளே நின்றேன். காதில் மாட்டும் கருவி எதையும் எடுக்கவில்லை. அந்த அறைக்குள் எவ்வளவு பேசுகிறவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அங்கே எதிரொலி கிடையாது. குரல் வாயை விட்டு வந்ததும் சுவரில் மறைந்துவிடும். பிறகு கடைப் பக்க விளக்கை அணைக்கும்படி புஷ்பாவிடம் சைகை காட்டினேன். எதிரே இருந்த கண்ணாடிச் சன்னல் இருண்டது. அதில் ஏட்ரியனின் முகம் மெல்லத் தெளிந்து வந்தது, தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருவதுபோல.

“சிரிங்க தம்பி. மேடையில சிரிப்பீங்கள்ல, அப்படி.”

சிரித்தார். கண்ணாடியில் அவருடைய இடப்பக்கம் முழுதாகச் சிரித்தது. வலப்பக்கம் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது.

அவர் விரலை எடுத்து அந்த உதட்டு மூலையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி சிரித்தார். மறுபடியும் அது அங்கேயே நின்றது.

“போட்டோக்காரன் ஸ்டைல்னு சொன்னான் அங்கிள்,” என்றார். அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை. “நானும் ஸ்டைல்னுதான் நெனச்சேன்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வளரக்கூடாத இடத்தில் தோல் வளர்ந்து மூட்டையாக இருக்கலாம். அது எலும்பைத் தின்னும். முகத்தை அசைக்கிற நரம்பு காதுக்குள்தான் ஒரு சின்ன எலும்புக் குழாயில் ஓடுகிறது. “அது அந்தக் குழாய்க் கதவத் தட்டுது தம்பி. நான் டாக்டர் இல்ல, நோய்க்குப் பேரு சொல்ல மாட்டேன். ஆனா அச்சு எடுக்க மாட்டேன். யாரையும் எடுக்கவும் விட மாட்டேன். காது உங்களுக்கு இன்னொண்ணு இருக்கு. முகம் ஒண்ணுதான்.”

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். இன்னும் வேலையில் இருக்கிறார், கோபமும் அப்படியே இருக்கிறது. “முகத்துல இழுப்பு இருக்கா? அப்ப கடிதம் எழுதிக்கிட்டு உட்காராத. இப்பவே கூட்டிட்டு வா. காதுல ஒரு சொட்டு எதையும் விடக்கூடாது.”

என் காரிலேயே கிளம்பினோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகிற கார்களின் சிவப்பு விளக்குகள் நீரில் கரைந்து ஓடின. துடைப்பான் ஆடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தேன். ஏட்ரியன் கைப்பேசியின் கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சிரித்துப் பார்த்தார். நிறுத்தினார். சிரித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து புஷ்பா அந்தப் போனை மெதுவாக வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். நான் சந்தேகப்பட்டதுதான். அறுவை செய்து எடுத்த பிறகு டாக்டரம்மா வெளியே வந்து எங்களிடம் பேசினார். நரம்பின் மேலிருந்த எலும்பு அரித்துப் போயிருந்தது, நரம்பு வீங்கியிருந்தது, ஆனால் அறுபடவில்லை. கேட்கும் எலும்புகளில் சில போய்விட்டன, அந்தக் காதில் இனி முன்போலக் கேட்காது.

“முகம்?” என்றார் புஷ்பா.

“பொறுத்துத்தான் பாக்கணும். நரம்ப அவசரப்படுத்த முடியாது. வரும்னு நெனைக்கிறேன். கண்டிப்பா வரும்னு சொல்ல மாட்டேன்.”

சனிக்கிழமை டின்னரில் ஏட்ரியனின் தம்பி மைக் பிடித்தார். மாப்பிள்ளையின் பெயரைத் தப்பாகச் சொன்னாராம்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வாடிக்கையாளரை டாக்டரிடம் அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். நான் பண்டமாரானுக்குப் போய்ப் பார்த்தேன். கொள்கலன் லோரிகள் போகும்போதெல்லாம் அந்த வீட்டின் சன்னல் லேசாக அதிரும். ஏட்ரியன் வலது கண்ணில் மருந்து விட்டு, தூங்கும்போது ஒட்டுப் போட்டு மூடிக்கொண்டு, வெளியே தலைகாட்டாமல் இருந்தார். அறுவைக்குப் பின் முகத்தின் வலப்பக்கம் முன்னைவிட இறங்கியிருந்ததால், தேநீர் குடித்தால் ஒரு பக்கம் வழிந்தது. தோளில் துண்டு போட்டிருந்தார். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டைக் குவித்து ஊதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். ஊதினார். காற்று வலது மூலை வழியே சப்தமில்லாமல் போய்விட்டது.

“அங்கிள்,” என்றார், என்னைப் பார்க்காமல். “நீங்க பாட்டுக்கு அச்ச எடுத்துக் குடுத்திருந்தா, அந்த ஒரு டின்னரையாவது முழு மூஞ்சியோட செஞ்சிருப்பேன்.”

தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பும் வழியெல்லாம் என் முடிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதேதான் செய்திருப்பேன். சரியான முடிவு எடுத்தால் மனம் லேசாகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காதைக் கழுவிக்கொண்டு வருகிறவரிடம் நீங்கள் ‘முடியாது’ என்று சொல்லும்போது, அவர் மறைத்து வைத்திருந்ததை எல்லார் முன்னாலும் எடுத்துப் போடுகிறீர்கள். அவர் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். போய்ப் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

நான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில தடவை அவர் அறையை விட்டு வரவே இல்லை. புஷ்பாவோடு பேசிவிட்டுத் திரும்புவேன்.

பிறகு ஒரு காலை. நான் கடையைத் திறந்துவிட்டுச் சோதனை அறையில் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புஷ்பா.

“அங்கிள், ஒண்ணும் பேசாதீங்க. சும்மா கேளுங்க.” ரகசியக் குரல். நடக்கிற சத்தம். போனை எதன் மேலோ ஒட்டிப் பிடித்தது தெரிந்தது. கதவாக இருக்க வேண்டும்.

நான் அறைக் கதவைச் சாத்தினேன். முதலில் தண்ணீர் விழும் சத்தம். வாளி நகரும் சத்தம். அப்புறம் அதன் நடுவிலிருந்து, குளியலறைச் சுவர்களில் மோதி மோதி, விசில் ஒன்று எழுந்தது. ஏதோ கல்யாணப் பாட்டு. பாதியில் உடைந்தது. ஒரு நொடி தண்ணீர் மட்டும். மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, இந்தத் தடவை உடையாமல், நீளமாக, கடைசி வரை.

சுருதி சுத்தமில்லை. ஆனால் என் காது பொய் சொல்லாது. காற்று எந்தப் பக்கமும் கசியவில்லை.